பார்வை நரம்பு செல்கள் ஏன் சாகின்றன? 40 வயதில் கண்ணாடிக் கடையோடு நிறுத்திவிடக் கூடாது என்பது எதனால்?

விருத்தாசலம் என்றால் ஒரு பக்கம் பழமலைநாதர் கோயில், இன்னொரு பக்கம் பீங்கான். கடலூர் மாவட்டத்தின் இந்த ஊரில் செராமிக்குக்கென்றே தொழிற்பேட்டை உண்டு, செராமிக் படிப்புக்கென்றே அரசு தொழில்நுட்ப நிறுவனமும் உண்டு. அகல் விளக்கு, கொலு பொம்மை, மின்சார ஃபியூஸ் கட்டை, இன்சுலேட்டர் எனப் பலவும் இங்கே அச்சில் வார்க்கப்பட்டு, சூளையில் சுடப்பட்டு வெளியூர்களுக்குப் போகின்றன.

இந்த வேலைகளில் பாதி கைவேலை, பாதி கண்வேலை. பொம்மைக்குப் புருவம் தீட்டுவதும், மெருகுப் பூச்சு எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று பார்ப்பதும், சுட்ட பொருளில் முடி அளவு விரிசலைக் கண்டுபிடித்து ஒதுக்குவதும் கண்ணை நம்பித்தான் நடக்கின்றன. 40 வயதைத் தொட்டதும் கிட்டத்தில் இருப்பது மங்கத் தொடங்கும். இது எல்லோருக்கும் வரும் வெள்ளெழுத்து. பெரும்பாலானவர்கள் என்ன செய்கிறார்கள்? கடைக்குப் போய், போட்டுப் பார்த்து, எழுத்து தெளிவாகத் தெரிகிற கண்ணாடியை வாங்கிக்கொண்டு மறுநாளே வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

கண்ணாடி போட்டதும் வேலை பழையபடி ஓடும். ஆனால் கண்ணுக்குப் பின்னால் இருக்கும் நரம்பு எப்படி இருக்கிறது என்பதை அந்தக் கண்ணாடி சொல்லாது. அந்த நரம்பில் செல்கள் செத்துக்கொண்டிருந்தாலும் வலிக்காது, சிவக்காது, எழுத்தும் மங்காது. கண் நீர் அழுத்த நோய் எனப்படும் குளுக்கோமாவில் நடப்பது இதுதான். இதில் போன பார்வை திரும்பி வராது.

அந்த செல்கள் ஏன் சாகின்றன? யார் அவற்றைச் சாகச் சொல்வது? அந்த உத்தரவை மறிக்க முடியுமா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கண்ணிலிருந்து மூளைக்கு ஒரே ஒரு கேபிள்

கண்ணின் உள்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலம்தான் விழித்திரை. அதில் வெளிச்சத்தை வாங்கும் செல்கள் சுமார் 12 கோடிக்கு மேல் இருக்கின்றன. அவை வாங்கியதையெல்லாம் தொகுத்து மூளைக்கு அனுப்பும் வேலையைச் செய்பவை கேங்லியான் செல்கள். இவற்றின் எண்ணிக்கை மிகவும் குறைவு. ஒரு கண்ணுக்கு ஏறத்தாழ 10 முதல் 12 லட்சம்தான்.

ஒவ்வொரு கேங்லியான் செல்லும் ஒரு நீளமான இழையை நீட்டும். அதற்கு ஆக்ஸான் என்று பெயர். அத்தனை இழைகளும் கண்ணின் பின்பக்கத்தில் ஒரே இடத்தில் கூடி, கட்டாகச் சேர்ந்து வெளியேறுகின்றன. அந்தக் கட்டுதான் பார்வை நரம்பு. செல்லின் உடல் விழித்திரையில் இருக்கும். அதன் இழையின் முனை மூளைக்குள் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னதான ஒரு செல், பல சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு வாலைப் பராமரிக்க வேண்டும். அதன் பலமும் அதுதான், பலவீனமும் அதுதான்.

கையில் வெட்டுப்பட்டால் தோல் வளர்கிறது. எலும்பு முறிந்தால் கூடுகிறது. கேங்லியான் செல்கள் அப்படி இல்லை. பிறக்கும்போது இருந்த செல்கள்தான் கடைசி வரை. செத்தால் புதிதாக ஒன்று முளைக்காது. அறுந்த ஆக்ஸான் தானாக மூளை வரை மறுபடி வளர்ந்து போய்ச் சேராது.

உயிரோடு இருக்கவே உத்தரவு வேண்டும்

ஒரு செல் நன்றாக இருந்தால் தானாக உயிரோடு இருக்கும், அடிபட்டால் சாகும் என்றுதான் சாதாரணமாக நினைப்போம். நரம்பு செல்களின் கதை வேறு. ‘நீ தேவை, உயிரோடு இரு’ என்ற செய்தி வெளியிலிருந்து வந்துகொண்டே இருக்க வேண்டும். செய்தி நின்றால், செல் தன்னைத் தானே முடித்துக்கொள்ளும்.

இந்த உண்மைக்கு வழிகாட்டியவர் இத்தாலியைச் சேர்ந்த ரீட்டா லெவி-மோன்டால்சினி. யூதர் என்பதற்காகப் பல்கலைக்கழக வேலை பறிபோன காலத்தில், இரண்டாம் உலகப் போருக்கு நடுவே, வீட்டுப் படுக்கையறையையே ஆய்வகமாக்கிக் கோழி முட்டைக் கருவில் நரம்பு செல்களை ஆராய்ந்தவர். பிறகு அமெரிக்காவில் ஸ்டான்லி கோஹனுடன் சேர்ந்து ‘நரம்பு வளர்ச்சிக் காரணி’ என்ற புரதத்தைக் கண்டறிந்தார். இருவருக்கும் 1986-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. 1982-ல் ஈவ்-அலன் பார்ட், ஹன்ஸ் தோனென் இருவரும் பன்றி மூளையிலிருந்து இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதன் பெயர் பி.டி.என்.எஃப். கேங்லியான் செல்களுக்கு மிக முக்கியமான உயிர்ச்செய்திகளில் இது ஒன்று.

கருவிலேயே இந்தத் தேர்வு தொடங்கிவிடுகிறது. தேவைக்கு மேல் கேங்லியான் செல்கள் முதலில் உருவாகும். அவை மூளையை நோக்கி இழை நீட்டும். சரியான இடத்தில் இணைந்து பி.டி.என்.எஃப் போன்ற செய்தியைப் பெறுபவை பிழைக்கும். மற்றவை செத்துப்போகும். பிறப்பதற்கு முன்பே பாதிக்கும் மேற்பட்டவை இப்படிக் கழிக்கப்படுகின்றன. இது நோய் கிடையாது. உடல் தன்னை ஒழுங்குபடுத்திக்கொள்ளும் முறை.

இப்படித் திட்டமிட்டு நடக்கும் செல் சாவுக்கு 1972-ல் கெர், வைலி, கர்ரி என்ற மூன்று ஆய்வாளர்கள் ‘அபொப்டோசிஸ்’ என்று பெயர் வைத்தார்கள். இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. இந்தச் சாவு மரபணுக்களிலேயே எழுதப்பட்டிருக்கிறது என்பதை ஒரு மில்லிமீட்டர் நீளப் புழு காட்டிக்கொடுத்தது. அந்தப் புழு வளரும்போது 1,090 செல்கள் உருவாகின்றன. அதில் சரியாக 131 செல்கள் ஒவ்வொரு முறையும் சாகின்றன. இந்த ஆய்வுகளுக்காக பிரென்னர், ஹார்விட்ஸ், சல்ஸ்டன் மூவரும் 2002-ல் நோபல் பெற்றார்கள்.

செய்தி எங்கே தடைபடுகிறது?

கண்ணின் முன்பகுதியில் ஒரு தெளிந்த நீர் ஊறிக்கொண்டே இருக்கும். (அழுதால் வரும் கண்ணீர் வேறு.) அது வடிகால் வலை ஒன்றின் வழியாக வெளியேறும். ஊறுவதும் வடிவதும் சமமாக இருந்தால் கண்ணின் அழுத்தம் பொதுவாக 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்கும். வடிகால் அடைபட்டால் அழுத்தம் ஏறும்.

அழுத்தம் ஏறினால் கண் முழுவதிலும்தான் அழுத்தும். ஆனால் அடி விழுவது ஒரு குறிப்பிட்ட இடத்தில். பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் இடத்தில் கண்ணின் சுவர் ஒரு சல்லடைத் தட்டு போல இருக்கிறது. பத்து லட்சம் இழைகளும் அதன் ஓட்டைகள் வழியாகத்தான் போயாக வேண்டும். கண்ணுக்குள் இருக்கும் வரை இந்த இழைகளுக்கு மேலுறை கிடையாது. சல்லடையைத் தாண்டிய பிறகுதான் மயலின் எனும் கொழுப்பு உறை சுற்றிக்கொள்கிறது. இன்சுலேட்டர் செய்யும் ஊருக்கு இதைப் புரியவைப்பது சுலபம்: உறை போடாத கம்பி, நெருக்கடியான துளைக்குள் வளைந்து போகிற இடம் அது.

அழுத்தத்தில் சல்லடைத் தட்டு பின்பக்கமாகக் குழியும். துளைகள் கோணலாகும். இழைகள் நசுங்கும். ஆக்ஸானுக்குள் சரக்குப் போக்குவரத்து எப்போதும் இரண்டு திசையிலும் ஓடிக்கொண்டிருக்கும். மூளை முனையில் பெற்றுக்கொண்ட பி.டி.என்.எஃப் செய்தி, இந்த வழியாகத்தான் கண்ணில் இருக்கும் செல்லின் உடலுக்கு வந்து சேர வேண்டும். அழுத்தத்தை உயர்த்தினால் இந்தப் போக்குவரத்து சல்லடைத் தட்டிலேயே தேங்கி நிற்கிறது என்பதை 1970-களில் குரங்குகளில் நடந்த ஆய்வுகள் காட்டின.

இதனுடன் வேறு சிக்கல்களும் சேர்கின்றன. அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் குறைவது, பக்கத்தில் இருக்கும் ஆதரவு செல்கள் சீண்டப்பட்டு அழற்சியைத் தூண்டுவது, வயதாக ஆக செல்லின் சக்தி உற்பத்தி குறைவது எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து வேலை செய்கின்றன. அதனால்தான் அழுத்தம் 21-க்குள் இருக்கும் சிலருக்கும் இந்த நோய் வருகிறது. அழுத்தம் 25 இருந்தும் சிலருக்கு நரம்பு பல ஆண்டுகள் நன்றாகவே இருக்கிறது. ‘பிரஷர் நார்மல்’ என்ற ஒரு வார்த்தையை மட்டும் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது.

சாவு உத்தரவு எப்படி நிறைவேறுகிறது?

உயிர்ச்செய்தி வந்துகொண்டிருக்கும்வரை செல்லுக்குள் ஒரு சங்கிலி வேலை செய்யும். பி.டி.என்.எஃப், செல்லின் மேலிருக்கும் டிராக்-பி என்ற வாங்கியில் ஒட்டும். அது உள்ளே ஏ.கே.டி போன்ற நொதிகளை முடுக்கிவிடும். அந்த நொதிகள், சாவைத் தொடங்கி வைக்கும் புரதங்களைக் கட்டிப்போட்டு வைத்திருக்கும்.

ஆக்ஸான் நசுங்கினால் வேறொரு சங்கிலி விழித்துக்கொள்ளும். டி.எல்.கே என்ற நொதிதான் அங்கே அபாய மணி. இழையில் காயம் என்ற தகவலை அது செல்லின் உடலுக்குக் கொண்டுபோகும். கேங்லியான் செல்களின் சாவில் இந்த நொதிக்கு எவ்வளவு பெரிய பங்கு இருக்கிறது என்பதை 2013-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். டி.எல்.கே தட்டியதும் ஜே.என்.கே என்ற நொதி எழும். அது செல்லின் கருவுக்குள் போய், எந்த மரபணு வேலை செய்ய வேண்டும் என்பதையே மாற்றும்.

அடுத்து பேக்ஸ் என்ற புரதம் மைட்டோகாண்ட்ரியாவின் சுவரில் ஓட்டை போடும். செல்லின் மின்நிலையம் போன்றது மைட்டோகாண்ட்ரியா. அதற்குள் இருந்த சைட்டோகுரோம்-சி வெளியே கசியும். அது காஸ்பேஸ் எனும் வெட்டும் நொதிகளை வரிசையாக எழுப்பும். காஸ்பேஸ்கள் செல்லை உள்ளிருந்து துண்டு துண்டாக நறுக்கும். மிச்சத்தைப் பக்கத்து செல்கள் விழுங்கிச் சுத்தம் செய்துவிடும். சத்தம் இல்லை, சீழ் இல்லை, வலி இல்லை. நோயாளிக்கு எதுவும் தெரியாமல் போவதற்கு இந்தச் சுத்தமான சாவும் ஒரு காரணம்.

பேக்ஸைத் தடுத்துவிட்டால் போதாதா? 2005-ல் வெளிவந்த ஓர் எலி ஆய்வு இதற்குப் பதில் சொன்னது. பேக்ஸ் இல்லாத எலிகளில், குளுக்கோமா வந்தபோதும் கேங்லியான் செல்லின் உடல் பிழைத்தது. ஆனால் ஆக்ஸான் அழிந்தது. அதாவது, செல்லின் உடல் சாவதற்கு ஒரு திட்டம், அதன் வால் அழிவதற்கு இன்னொரு திட்டம். கேபிள் அறுந்த பிறகு செல் உயிரோடு இருந்து என்ன பயன்? உடலையும் காப்பாற்ற வேண்டும், வாலையும் காப்பாற்ற வேண்டும். மருந்து கண்டுபிடிப்பது ஏன் இவ்வளவு கஷ்டம் என்பது இங்கே புரியும்.

பாதிக்கப்பட்டவருக்கே ஏன் தெரிவதில்லை?

முதல் காரணம், இழப்பு பெரும்பாலும் ஓரங்களில் தொடங்குவது. நடுப்பார்வை கடைசி வரை நிற்கும். பொம்மைக்குக் கண் தீட்டவும், ஃபோனில் செய்தி படிக்கவும் நடுப்பார்வையே போதும்.

இரண்டாவது, ஒரு கண்ணில் விட்டுப்போனதை இன்னொரு கண் ஈடுகட்டும். இரண்டு கண்ணிலும் விட்டுப்போனதை மூளை சுற்றுப்புறத்தை வைத்து நிரப்பிக்கொள்ளும். கறுப்பாக ஒரு ஓட்டை தெரியும் என்று நினைத்தால் தவறு. அப்படி எதுவும் தெரியாது.

மூன்றாவது, கையிருப்பு. வழக்கமான பார்வைப் புலப் பரிசோதனையில் குறை தெரிய வருவதற்கு முன்பே கேங்லியான் செல்களில் கால் பங்கு அல்லது அதற்கு மேலும் செத்திருக்கலாம் என்று இறந்தவர்களின் கண்களில் நடந்த ஆய்வுகள் சொல்கின்றன.

பைக்கில் போகும்போது பக்கவாட்டில் வரும் வண்டி திடீரென முளைத்தது போலத் தோன்றுவது, படி இறங்கும்போது தடுமாறுவது, மங்கலான வெளிச்சத்தில் பொருள்களில் இடித்துக்கொள்வது என்று நோயாளி உணரும் நேரத்தில் நோய் வெகுதூரம் போயிருக்கும்.

தமிழ்நாட்டின் கணக்கு என்ன சொல்கிறது?

இந்த விஷயத்தில் உலகம் மேற்கோள் காட்டும் கணக்குகளில் சில தமிழ்நாட்டிலிருந்து வந்தவை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, தென் மாவட்டங்களின் கிராமங்களில் 40 வயதைத் தாண்டிய 5,150 பேரைப் பரிசோதித்தது. 2003-ல் முடிவுகள் வெளியாகின. 2.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு வகை குளுக்கோமா. மிகப் பரவலான ‘திறந்த கோண’ வகை இருந்தவர்களில் 93 சதவீதம் பேருக்கு, அந்தப் பரிசோதனை வரை தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது. அவர்களில் ஐந்தில் ஒருவர் ஒரு கண்ணிலாவது, அல்லது இரண்டு கண்ணிலுமே பார்வை இழந்திருந்தார்.

சென்னை சங்கர நேத்ராலயாவின் ‘சென்னை குளுக்கோமா ஆய்வு’ கிராமத்தையும் நகரத்தையும் ஒப்பிட்டது. திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்களில் 40 வயதைத் தாண்டியவர்களில் 1.62 சதவீதம் பேருக்கும், சென்னை நகரத்தில் 3.51 சதவீதம் பேருக்கும் திறந்த கோண வகை இருந்தது. இரண்டு இடத்திலும் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நோய் அதற்கு முன் கண்டுபிடிக்கப்படவே இல்லை. பெரிய மருத்துவமனைகள் பக்கத்திலேயே இருக்கும் சென்னைக்கும் இதே கதிதான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்தியாவில் 40 வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ 1.12 கோடிப் பேருக்கு குளுக்கோமா இருக்கலாம் என்று 2010-ல் வெளியான மதிப்பீடு கூறியது. அதைச் செய்ததும் சங்கர நேத்ராலயா மருத்துவர்கள்தான்.

புரை வேறு, நரம்பு வேறு

‘வயசானா பார்வை மங்கும், முத்தட்டும், ஆபரேஷன் பண்ணிக்கலாம்’ என்பது ஊர்ப்பக்கம் அடிக்கடி கேட்கும் பேச்சு. கண்புரைக்கு இது ஓரளவு பொருந்தும். புரை என்பது லென்ஸ் மங்குவது. பழைய லென்ஸை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தால் பார்வை திரும்பும். 1976-ல் டாக்டர் கோ.வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் மருத்துவமனை, குறைந்த செலவில் லட்சக்கணக்கானோருக்குப் புரை அறுவை செய்து உலகப் பெயர் பெற்றது. அந்த வெற்றியால் ‘கண்ணில் எது வந்தாலும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்ற நம்பிக்கையும் ஊரில் சேர்ந்தே வளர்ந்துவிட்டது.

குளுக்கோமாவில் காத்திருப்பது என்றால் செல்களை இழந்துகொண்டிருப்பது என்று பொருள். முத்தட்டும் என்று விட்டால் திரும்ப எடுக்க எதுவும் மிஞ்சாது.

சூளை வேலைக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி செராமிக் ஊரில் எழுவது நியாயம். கொதிக்கும் உலையைப் பல ஆண்டுகள் நேராகப் பார்ப்பவர்களுக்கு, அகச்சிவப்புக் கதிரின் வெப்பத்தால் புரை வரும் என்பது கண்ணாடி ஊதும் தொழிலாளர்களிடம் நெடுங்காலத்துக்கு முன்பே கண்டறியப்பட்டது. பீங்கான் சுடும் சூளைக்குள் 1,200 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் இருக்கும். எட்டிப் பார்க்கும்போது அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடி போட்டுக்கொள்வது அவசியம். ஆனால் அந்த வெப்பம் தாக்குவது லென்ஸை. சூளைப் பக்கமே போகாதவருக்கும் குளுக்கோமா வரும். ‘நான் உலை வேலை பார்க்கலையே’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

யாருக்கு அதிக ஆபத்து?

குடும்பத்தில் இருந்தால் முதல் எச்சரிக்கை. அப்பா, அம்மா, அண்ணன், தம்பி, அக்கா, தங்கை யாருக்காவது குளுக்கோமா இருந்தால் மற்றவர்களுக்கு வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். வீட்டில் ஒருவர் சொட்டு மருந்து போடுகிறார் என்றால் கூடப் பிறந்தவர்கள் எல்லோரும் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

40 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை நோயாளிகள், கிட்டப்பார்வைக்கு அதிக பவர் போடுபவர்கள், கண்ணில் எப்போதாவது பலமான அடி வாங்கியவர்கள் ஆகியோரும் கவனமாக இருக்க வேண்டும்.

இன்னொரு ஆபத்து மருந்துக் கடையில் இருக்கிறது. கண் அரிப்பு, சிவப்பு, தூசி விழுந்த உறுத்தல் என்றதும் மருத்துவர் சீட்டு இல்லாமலே சொட்டு மருந்து வாங்கிப் போடுவது வழக்கம். அந்த மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் அரிப்பு உடனே அடங்கும். அடுத்த முறையும் அதையே கேட்டு வாங்கத் தோன்றும். ஆனால் ஸ்டீராய்டு சிலருக்கு அந்த வடிகால் வலையை இறுக்கி, நீர் வெளியேறுவதைக் குறைத்து, அழுத்தத்தை ஏற்றிவிடும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் போட்டால் பார்வை நரம்பே சேதமாகும். இளைஞர்களும் குழந்தைகளும்கூட இதற்கு விலக்கில்லை. தூசியிலேயே வேலை பார்ப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

திடீரென ஒரு கண்ணில் கடும் வலி, சிவப்பு, விளக்கைச் சுற்றி வண்ண வளையம், தலைவலி, வாந்தி எல்லாம் ஒன்றாக வந்தால் அது ‘மூடிய கோண’ வகையின் திடீர்த் தாக்குதலாக இருக்கலாம். அன்றே, உடனே கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒற்றைத் தலைவலி என்று நினைத்து மாத்திரை போட்டுப் படுத்துவிடக் கூடாது.

இப்போதுள்ள சிகிச்சை என்ன செய்கிறது?

இன்று கையில் இருக்கும் நிரூபிக்கப்பட்ட வழி ஒன்றே ஒன்று: அழுத்தத்தைக் குறைப்பது. சொட்டு மருந்து, லேசர், அறுவை சிகிச்சை மூன்றும் செய்வது அதைத்தான். சல்லடைத் தட்டின் மீதான சுமை குறைந்தால் போக்குவரத்து சீராகும், அபாய மணி அடிப்பது குறையும்.

இது வெறும் நம்பிக்கை இல்லை. அமெரிக்காவில் அழுத்தம் மட்டும் உயர்ந்து, நரம்பு இன்னும் நன்றாக இருந்த 1,636 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2002-ல் வெளியான முடிவின்படி, 5 ஆண்டுகளில் மருந்து போடாதவர்களில் 9.5 சதவீதம் பேருக்கு குளுக்கோமா வந்தது. மருந்து போட்டவர்களில் 4.4 சதவீதம் பேருக்கு மட்டுமே. ஏற்கெனவே நோய் தொடங்கியவர்களிடம் ஸ்வீடனில் நடந்த ஆய்வு, அழுத்தம் ஒவ்வொரு மில்லிமீட்டர் குறையும்போதும் நோய் முற்றும் வாய்ப்பு சுமார் 10 சதவீதம் குறைகிறது என்று காட்டியது.

சிகிச்சையில் பலர் தவறவிடுவது ஒன்று உண்டு. மருந்து போட்டதும் பார்வை ‘தெளிவாகும்’ என்று எதிர்பார்க்கிறார்கள். ஆகாது. போனது போனதுதான், இருப்பதைக் காப்பதே மருந்தின் வேலை. ‘ஒரு பாட்டில் போட்டேன், ஒண்ணும் வித்தியாசம் தெரியலை’ என்று நிறுத்திவிட்டால், செல்கள் மறுபடி சாகத் தொடங்கும். வித்தியாசம் தெரியவில்லை என்பதால் மருந்து வேலை செய்யவில்லை என்று பொருளில்லை.

இன்னொரு விஷயம். குளுக்கோமாவுக்குக் கொடுக்கும் டிமோலால் வகை சொட்டு மருந்து ஆஸ்துமா, வீசிங் இருப்பவர்களுக்கு மூச்சுத் திணறலைத் தூண்டலாம். கண்ணில் போடும் சொட்டு மூச்சை என்ன செய்யும் என்று நினைக்காமல், மூச்சுத் தொந்தரவு இருந்தால் முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். மாற்று மருந்துகள் இருக்கின்றன.

செல்லையே நேரடியாகக் காப்பாற்ற முடியாதா?

சாவுச் சங்கிலியின் கண்ணிகள் தெரிந்துவிட்டன. அப்படியென்றால் ஒரு கண்ணியை அறுத்தால் போதுமே என்று தோன்றும். உலகம் முழுவதும் ஆய்வுகள் அதை நோக்கித்தான் போகின்றன. ஆனால் பாதை கரடுமுரடானது.

மறதி நோய்க்குத் தரப்படும் மெமான்டைன் மருந்து, எலிகளிலும் குரங்குகளிலும் கேங்லியான் செல்களைக் காப்பாற்றியது. பெரும் எதிர்பார்ப்போடு 2,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் 4 ஆண்டுகள் சோதித்தார்கள். 2018-ல் முடிவு வெளியானது: மருந்து சாப்பிட்டவர்களுக்கும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. எலியில் பலித்தது மனிதரிடம் பலிக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இது பெரிய பாடம்.

2017-ல் வைட்டமின் பி3-யின் ஒரு வடிவமான நிகோடினமைடு, குளுக்கோமா வரும் எலிகளின் பார்வை நரம்பைக் காத்தது. செல்லின் சக்தி உற்பத்திக்குத் தேவையான ஒரு மூலக்கூறு வயதாகும்போது குறைகிறது. பி3 அதை ஈடுசெய்கிறது என்பது இதன் அடிப்படை. மனிதர்களிடம் பெரிய சோதனைகள் நடக்கின்றன. அவற்றில் கொடுக்கப்படுவது சாதாரண சத்து மாத்திரையில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிக அளவு. அதிக அளவில் எடுத்தால் கல்லீரல் பாதிக்கப்படும் ஆபத்தும் உண்டு. கடையில் வாங்கித் தானாகச் சாப்பிடும் விஷயமில்லை இது.

2020-ல் அமெரிக்காவின் ஹார்வர்ட் ஆய்வுக்குழு, மூன்று மரபணுக்களைச் செலுத்தி எலிகளின் கேங்லியான் செல்களை இளமை நிலைக்குத் திருப்பி, இழந்த பார்வையில் ஒரு பகுதியை மீட்டதாக அறிவித்தது. 2025-ல், செல்களைக் காக்கும் புரதத்தைக் கண்ணுக்குள்ளேயே சுரந்துகொண்டிருக்கும் ஒரு சிறு பதியத்துக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி கொடுத்தது. ஆனால் அது மாக்டெல் எனும் வேறொரு அரிய விழித்திரை நோய்க்கு, குளுக்கோமாவுக்கு அல்ல. உயிர்ச்செய்தியை வெளியிலிருந்து கொடுத்து விழித்திரை செல்களைக் காக்கலாம் என்ற யோசனை, மனிதக் கண்ணில் அனுமதி பெறும் அளவுக்கு வந்துவிட்டது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

இவை எல்லாம் நாளைக்கானவை. ‘நரம்புக்கு சத்து மாத்திரை, சொட்டு மருந்தே வேண்டாம்’ என்று யாராவது இன்று விற்றால், அதை நம்பி சொட்டு மருந்தை நிறுத்தக் கூடாது.

பரிசோதனைக்குப் போனால் என்ன கேட்க வேண்டும்?

எழுத்துப் பலகையைப் படித்துக் காட்டுவது மட்டும் குளுக்கோமா பரிசோதனை ஆகாது. கணினியில் பவர் பார்ப்பதும் ஆகாது. நடுப்பார்வை சரியாக இருந்தால் இரண்டிலும் ‘நார்மல்’ என்றே வரும். முழுப் பரிசோதனையில் இவை இருக்கும்:

* கண் அழுத்தம் அளப்பது. சில நிமிடங்களில் முடியும்.
* பார்வை நரம்பின் தலைப்பகுதியை மருத்துவர் நேரடியாகப் பார்ப்பது. நரம்பின் நடுவில் இருக்கும் குழி பெரிதாகியிருக்கிறதா என்பது இதில்தான் தெரியும். எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான்.
* வடிகால் கோணம் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்ப்பது.
* சந்தேகம் இருந்தால் பார்வைப் புலப் பரிசோதனை. மினுக்கும் ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்த வேண்டும்.
* தேவைப்பட்டால் ஓ.சி.டி ஸ்கேன். நரம்பிழைப் படலத்தின் தடிமனை மைக்ரான் கணக்கில் அளந்து சொல்லும்.

‘என் பார்வை நரம்பு எப்படி இருக்கிறது? அழுத்தம் எவ்வளவு?’ என்ற இரண்டு கேள்விகளையும் தயங்காமல் கேட்கலாம். பதிலை எழுதி வாங்கி வைத்துக்கொண்டால், அடுத்த முறை ஒப்பிட உதவும்.

இதற்கு ஏற்ற வயது 40. கிட்டப்பார்வை மங்கி, கண்ணாடி தேவைப்பட்டு, கண்ணைப் பற்றி ஒருவர் முதல் முறையாக யோசிக்கும் வயது அது. பொம்மை தீட்டுபவர், தையல்காரர், நகை வேலை பார்ப்பவர், ஓட்டுநர், ஆசிரியர் என யாராக இருந்தாலும் அன்றைக்குக் கடைக்குப் பதிலாக ஒரு கண் மருத்துவரிடம் போனால், கண்ணாடியும் கிடைக்கும், நரம்பின் நிலையும் தெரிந்துவிடும். விருத்தாசலத்தில் இருப்பவர்களுக்கு அருகிலேயே கடலூர் இருக்கிறது. புதுச்சேரியில் அரவிந்த் மருத்துவமனையும் ஜிப்மரும் இருக்கின்றன. ஊரில் கண் முகாம் நடந்தால், புரை மட்டும்தான் பார்க்கிறார்களா, நரம்பையும் பார்க்கிறார்களா என்று கேட்டுவிட்டு உட்காரலாம்.

கேங்லியான் செல்லுக்குச் சாவு உத்தரவு போவதை நிறுத்தும் மருந்து இன்னும் கடைக்கு வரவில்லை. ஆனால் அந்த உத்தரவு பிறக்கக் காரணமான அழுத்தத்தை இன்றே குறைக்க முடியும். அதற்கு நோய் இருப்பது முதலில் தெரிய வேண்டும். அதை அரை மணி நேரப் பரிசோதனை சொல்லிவிடும்.